அடுத்த ஆட்டம் என்னுது!

ஆர்கேட் கடைகளில் வரிசை பிடித்து நின்ற பையன்கள் உலகம் முழுக்க ஒரு சமூகத்தைக் கட்டினார்கள். இன்று அதன் மிகப்பெரிய மேடையில் ஓர் இந்திய நிறுவனத்துக்கும் பங்கு உண்டு. ஸ்ட்ரீட் ஃபைட்டர், டெக்கன் போன்ற சண்டை வீடியோ விளையாட்டுகளின் ஆட்டக்காரர்கள் கடந்து வந்த முப்பது ஆண்டுகளின் கதை இது.

2023 செப்டம்பர் 28. சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. இ-ஸ்போர்ட்ஸ் அரங்கில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 இறுதிச்சுற்று நடக்கிறது. ஒரு பக்கம் தைவானின் சியாங் யூ-லின், மறுபக்கம் தென்கொரியாவின் கிம் க்வான்-வூ. முதலில் நான்கு ஆட்டம் வெல்பவருக்குத் தங்கம். இருவரும் மூன்று மூன்று வென்று சமமாக நிற்கிறார்கள். மிச்சம் இருப்பது ஒரே ஒரு ஆட்டம். அரங்கமே திரையில் ஓடும் இரண்டு உயிர்க்கோடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. யாருடைய கோடு முதலில் கரைகிறதோ அவருக்கு வெள்ளி.

கடைசி ஆட்டத்தைக் கிம் வென்றார். ஆசிய விளையாட்டில் இ-ஸ்போர்ட்ஸுக்கு முதன்முதலாகப் பதக்கம் வழங்கப்பட்டது அந்த ஆண்டுதான். அந்தத் துறையில் கொரியாவின் முதல் தங்கம் அவருடையது. அப்போது அவருக்கு வயது 44. மறுநாள் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸில் தங்கம் வாங்கிய கொரிய அணியில் பெரும்பாலோர் ஏறக்குறைய அவருக்குப் பாதி வயதுக்காரர்கள். இந்தியாவிலிருந்து மயங்க் பிரஜாபதி, அயன் பிஸ்வாஸ் என்ற இருவரும் இதே ஸ்ட்ரீட் ஃபைட்டரில் களமிறங்கி, தொடக்கச் சுற்றுகளில் வெளியேறினார்கள்.

கிம்மை எந்த அகாடமியும் உருவாக்கவில்லை. எந்த நிறுவனமும் சம்பளம் கொடுத்து வளர்க்கவில்லை. அவர் ஆர்கேட் கடைகளின் பிள்ளை. பதக்கத்துக்கான பயிற்சிக்குக்கூட ஊரெங்கும் இருந்த பழைய ஆட்டக்காரர்கள் வந்து எதிரே உட்கார்ந்து ஆடிக் கொடுத்தார்கள் என்று அவரே சொன்னார். கையில் ஒரு நாணயம் இருந்தால் யாரும், யாரோடும் மோதலாம் என்ற கடைத்தெருச் சட்டம்தான் இந்தச் சமூகத்தின் உயிர்மூச்சு. அந்தச் சட்டம் எப்படிப் பிறந்தது, எதையெல்லாம் தாங்கி நின்றது, இப்போது யார் கையில் இருக்கிறது என்பதை நாம் கவனித்தாக வேண்டும். ஏனென்றால் இன்று அதைக் காப்பதா, கைவிடுவதா என்ற முடிவில் இந்தியாவுக்கும் ஒரு வாக்கு இருக்கிறது.

கண்ணாடி மேல் ஒரு நாணயம்

ஜப்பானின் காப்காம் நிறுவனம் முதல் ஸ்ட்ரீட் ஃபைட்டரை வெளியிட்டது 1987-ல். அதன் முதல் வடிவத்தில் பொத்தானுக்குப் பதில் ரப்பர் பட்டைகள் இருந்தன. எவ்வளவு ஓங்கிக் குத்துகிறோமோ, திரையில் அவ்வளவு பலமான அடி விழும். ஆடியவர்களின் கைகள் வீங்கியதுதான் மிச்சம். பின்னர் ஆறு பொத்தான்கள் கொண்ட வடிவம் வந்தது. 1991-ல் அகிரா நிஷிதானி, அகிரா யசுதா ஆகியோரின் வடிவமைப்பில் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வந்தபோது எல்லாம் மாறியது. அதுவரை ஆர்கேடில் மனிதன் பெரும்பாலும் இயந்திரத்தோடு மோதினான், மதிப்பெண் சேர்த்தான். இதில் எட்டுப் பாத்திரங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, பக்கத்தில் நிற்கும் இன்னொரு மனிதனோடு மோதினான்.

கடைக்காரருக்கும் இதில் லாபம். இயந்திரத்தோடு ஆடும் கெட்டிக்காரன் ஒரே காசில் அரை மணி நேரம் நின்றுவிடுவான். மனிதனோடு மனிதன் மோதினால் ஓரிரு நிமிடத்தில் ஒருவன் தோற்பான், அடுத்த காசு விழும். அமெரிக்கக் கடைகளில் ஒரு வழக்கம் தானாக உருவானது. அடுத்து ஆட விரும்புபவன் தன் நாணயத்தைத் திரைக் கண்ணாடியின் விளிம்பில் வைப்பான். அதுதான் முன்பதிவு. வென்றவன் அங்கேயே நிற்பான், தோற்றவன் நகர வேண்டும். யாருடைய பிள்ளை, எந்த ஊர், என்ன நிறம் என்ற கேள்விகளுக்கு அந்த வரிசையில் இடமில்லை.

ஆட்டத்தின் ஆழமும் ஒரு தற்செயலில் பிறந்ததே. சோதனையின்போது தயாரிப்புக் குழுவின் நோரிடகா ஃபுனமிசு ஒன்றைக் கவனித்தார். காரை உடைக்கும் உபரிச் சுற்றில், ஓர் அடி முடிவதற்குள் அடுத்த அடியைக் கோக்க முடிந்தது. யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல அது. பிழை என்று நீக்காமல், கண்டுபிடிப்பவர் கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இன்று எல்லாச் சண்டை விளையாட்டுகளுக்கும் அடித்தளமாக இருக்கும் 'காம்போ' அப்படித்தான் வந்தது. கையேட்டில் இல்லாத ஒன்றை ஆட்டக்காரர்களே தேடிக் கண்டுபிடித்து, ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கும் பழக்கமும் அங்கேயே தொடங்கியது.

1992-ல் சூப்பர் நின்டெண்டோவில் வந்த பதிப்பு மட்டும் 63 லட்சம் பிரதிகள் விற்றது. வீட்டில் பயிற்சி எடுக்கலாம். ஆனால் தன் பலம் என்ன என்று தெரிந்துகொள்ளக் கடைக்குத்தான் வர வேண்டும். ஜப்பானில் இரண்டு பெட்டிகளை முதுகோடு முதுகாக வைத்தார்கள். எதிராளியின் முகம் தெரியாது, ஆட்டம் மட்டுமே தெரியும். அமெரிக்காவில் ஒரே பெட்டியின் முன் இருவரும் தோள் உரச நின்றார்கள். எதிராளியின் பெருமூச்சுகூடக் கேட்கும். சத்தம் போட்டு, சீண்டி, கைகுலுக்கி ஆடும் அமெரிக்க பாணிக்கு அந்த நெருக்கமே காரணம்.

நாற்பது பேரில் தொடங்கியது

ஒவ்வொரு கடைக்கும் ஒரு ராஜா இருந்தான். எந்த ராஜா பெரியவன் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? 1996-ல் கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரில், கோல்ஃப்லேண்ட் என்ற குட்டி கோல்ஃப் பூங்காவின் ஆர்கேடில் 'பேட்டில் பை த பே' என்ற போட்டி நடந்தது. வந்தவர்கள் 40 பேர். டாம் கேனன், டோனி கேனன் சகோதரர்களும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து நடத்திய அந்தப் போட்டி, 2002-ல் 'எவல்யூஷன்' என்ற பெயரில் லாஸ் ஏஞ்சல்ஸின் யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் நடந்தது. சுருக்கமாக 'ஈவோ'. இன்றைக்குச் சண்டை விளையாட்டுக்காரர்களின் மெக்கா அதுதான்.

ஈவோவின் பொருளாதாரம் எளிமையானது. ஒரு விளையாட்டுக்கு நுழைவுக் கட்டணம் 10 டாலராக இருந்தது. நீண்ட காலம் பரிசுத் தொகை என்பது ஆட்டக்காரர்கள் கொடுத்த அந்தக் காசுதான். தகுதிச் சுற்று இல்லை, அழைப்பிதழ் இல்லை. உள்ளூர் கிளப் கிரிக்கெட் ஆடும் பையன் விராட் கோலிக்குப் பந்துவீச வாழ்நாள் முழுக்கக் காத்திருந்தாலும் நடக்காது. ஈவோவில் நேற்று ஆடத் தொடங்கியவனுக்கு முதல் சுற்றிலேயே உலக சாம்பியன் எதிரே வந்து உட்காரலாம். வருகிறார், தோற்கடிக்கிறார், பெரும்பாலும் என்ன தப்புச் செய்தாய் என்றும் சொல்லிவிட்டுப் போகிறார்.

┌─────────────────────
பெட்டிச் செய்தி: போட்டி நடக்கும் விதம்

• எல்லோருக்கும் இரண்டு உயிர். முதல்முறை தோற்றால் 'தோற்றவர் பிரிவு'க்குப் போகலாம். இரண்டாம் முறை தோற்றால் வீட்டுக்கு.

• தோற்றவர் பிரிவிலிருந்து மேலேறி வருபவர், இறுதிப்போட்டியில் எதிராளியை இரண்டு முறை வீழ்த்த வேண்டும். எதிராளி அதுவரை தோற்காதவர் என்பதால் அவருக்கு இன்னொரு உயிர் மிச்சம் இருக்கும்.

• நேரத்தை விநாடியில் அளப்பதில்லை. ஒரு விநாடிக்கு 60 ஃப்ரேம். வேகமான குத்து, மூன்று நான்கு ஃப்ரேமில் வந்து விழும். மனிதக் கண் பார்த்துத் தடுக்க அந்த நேரம் போதாது. ஆகவே எதிராளி என்ன செய்வார் என்று முன்கூட்டியே படிப்பவரே வெல்கிறார்.

• ஜாய்ஸ்டிக், சாதாரண கைப்பிடிக் கன்ட்ரோலர், பொத்தான் மட்டுமே உள்ள பலகை என்று அவரவர் கருவியை அவரவரே கொண்டுவரலாம்.
└─────────────────────

பதினைந்து உதைகள்

2004 ஆகஸ்ட் 1. கலிஃபோர்னியாவின் போமோனாவில் ஈவோ. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 3: தேர்ட் ஸ்ட்ரைக், தோற்றவர் பிரிவின் இறுதி. நியூயார்க்கின் சைனாடவுன் ஃபேர் ஆர்கேடில் வளர்ந்த ஜஸ்டின் வாங் ஒரு பக்கம். 1998-லேயே அமெரிக்காவுக்கு வந்து சாம்பியன் பட்டம் வென்ற ஜப்பானின் டைகோ உமேஹாரா மறுபக்கம். டைகோவின் கென் பாத்திரத்துக்கு உயிர்க்கோட்டில் துளி மட்டுமே மிச்சம். தடுத்தால்கூட உயிர் போகும் நிலை.

ஜஸ்டினின் சுன்-லி, சூப்பர் அடியைத் தொடுக்கிறாள். தொடர்ந்து பதினைந்து உதைகள். தப்பிக்க ஒரே வழி 'பேரி'. அடி விழும் அதே கணத்தில் ஜாய்ஸ்டிக்கை எதிராளியின் பக்கம் தட்ட வேண்டும். ஒரு தட்டு பிசகினாலும் தோல்வி. அதோடு, முதல் உதையைத் தடுக்க வேண்டுமானால் எதிராளி சூப்பரைத் தொடுக்கப் போகிறார் என்று முன்பே கணித்திருக்க வேண்டும். டைகோ பதினைந்தையும் தட்டினார். கடைசி உதையைக் காற்றில் எழும்பித் தட்டி, இறங்கும்போதே திருப்பி அடித்து ஆட்டத்தை முடித்தார். கூட்டம் நாற்காலிகளை விட்டு எழுந்து கத்தியது.

அந்த ஆண்டு கோப்பை டைகோவுக்குக் கிடைக்கவில்லை. இறுதிப்போட்டியில் சக ஜப்பானியர் கென்ஜி ஓபாடாவிடம் தோற்றார். ஆனால் அந்தச் சில விநாடிக் காணொளி ஊர் ஊராகப் பரவியது. ஆர்கேடே பார்த்திராத ஒரு தலைமுறைக்கு, இந்த விளையாட்டைக் கூட்டமாகக் கூடிப் பார்க்கலாம் என்று காட்டியது அதுதான்.

டைகோவின் பிந்தைய வாழ்க்கையும் சொல்லத் தக்கது. விளையாட்டால் பிழைக்க முடியாது என்று விலகி, மாஜோங் ஆடிப் பார்த்தார். பிறகு முதியோர் பராமரிப்புப் பணிக்குப் போனார். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4 வந்த பிறகே திரும்பினார். 2009-லும் 2010-லும் ஈவோ பட்டம் வென்றார். உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஒருவருக்கே அப்போது அந்த விளையாட்டு சோறு போடவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்வோம். பணம் வந்த பிறகு நடந்தவற்றைப் புரிந்துகொள்ள அது உதவும்.

┌─────────────────────
பெட்டிச் செய்தி: பாதையின் மைல்கற்கள்

1991: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 வெளியீடு.

1996: சன்னிவேலில் 40 பேர் கலந்துகொண்ட முதல் போட்டி.

2004: ஈவோவில் ஆர்கேட் பெட்டிகளுக்குப் பதில் வீட்டுக் கன்சோல்கள்.

2005: ஈவோ லாஸ் வேகாஸுக்கு இடம்பெயர்ந்தது.

2013: சிங்கப்பூரின் ஹோ குன் சியான் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 4-ல் ஈவோ சாம்பியன்.

2016: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5-க்கு 5,000-க்கும் மேற்பட்டோர் பதிவு. இறுதிப்போட்டி ஈ.எஸ்.பி.என்.2-ல் ஒளிபரப்பு.

2019: லாகூரின் அர்சலான் ஆஷ் ஒரே ஆண்டில் ஜப்பான், அமெரிக்கா இரண்டு ஈவோக்களிலும் டெக்கன் 7 சாம்பியன்.

2021: சோனியும் ஆர்.டி.எஸ். நிறுவனமும் ஈவோவை வாங்கின.

2023: ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-க்கு மட்டும் 7,000-க்கும் மேற்பட்டோர் பதிவு.

2025: சோனியின் பங்கு இந்தியாவின் நாட்வின் கேமிங் வசம்.
└─────────────────────

கடைகள் மூடியபோது

வீட்டுக் கன்சோல்கள் மலிவாக, ஆர்கேடுகள் ஒவ்வொன்றாக இருண்டன. ஜஸ்டின் வாங்கை வளர்த்த சைனாடவுன் ஃபேர் 2011-ல் மூடியது. அடுத்த ஆண்டு மீண்டும் திறந்தபோது அது வேறு கடையாக இருந்தது. ஈவோ 2004-லேயே கன்சோலுக்கு மாறியபோது, ஆர்கேட் பெட்டியில் கைபழகியவர்கள் கொதித்தார்கள். ஆனால் வேறு வழியில்லை. பெட்டிகள் கிடைப்பதே அரிதாகிவிட்டது.

கடை போனால் பயிற்சி எங்கே? இணையத்தில்தான். அங்கே ஒரு பெரிய சிக்கல். அறுபதில் ஒரு பங்கு விநாடியில் முடிவாகும் ஆட்டத்தில், சிக்னல் போய்ச் சேரும் தாமதமே எதிரியாகிவிடும். பழைய முறையில், எதிராளியின் பொத்தான் அழுத்தம் வந்து சேரும்வரை உங்கள் ஆட்டத்தையும் நிறுத்தி வைப்பார்கள். சேற்றில் நடப்பது மாதிரி இருக்கும். நிறுவனங்கள் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. தீர்வு ஓர் ஆட்டக்காரரிடமிருந்து வந்தது.

ஈவோவை நடத்திய அதே டோனி கேனன், 2006-ல் ஜி.ஜி.பி.ஓ. என்ற மென்பொருளை எழுதினார். அது எதிராளியின் அழுத்தத்துக்குக் காத்திருப்பதில்லை. சற்றுமுன் என்ன செய்தாரோ அதையே இப்போதும் செய்கிறார் என்று ஊகித்து ஆட்டத்தை ஓட்டுகிறது. ஊகம் தப்பினால், கண்ணிமைக்கும் நேரத்தில் பின்னோக்கிச் சுற்றித் திருத்திக்கொள்கிறது. இதுதான் 'ரோல்பேக்'. 2019-ல் யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அதன் நிரலைத் திறந்துவிட்டார்.

ஜப்பானிய நிறுவனங்களுக்கு இதன் அவசரம் நெடுநாள் புரியவில்லை. சிறிய நாடு, வேகமான இணையம், தெருவுக்குத் தெரு கேம் சென்டர் என்று வாழ்ந்தவர்களுக்குப் பழைய முறையே போதும்போல இருந்தது. கொரோனா வந்து எல்லாப் போட்டிகளையும் வீட்டுக்குள் அடைத்தபோதுதான் உறைத்தது. 2021-ல் கில்டி கியர் ஸ்ட்ரைவ் நல்ல ரோல்பேக்குடன் வந்தபின், அது இல்லாத புதிய சண்டை விளையாட்டை வாங்குவதற்கே மக்கள் தயங்கினார்கள். ஆடக் கடை இல்லாத, நண்பர்கள் இல்லாத சிற்றூர்ப் பையனுக்கும் பெண்ணுக்கும் இதனால் கதவு திறந்தது. ஆட்டக்காரர் ஒருவர் தன் சகாக்களுக்காகச் செய்த வேலை, ஒரு துறையின் தரத்தையே மாற்றியது.

லாகூர் கொடுத்த அதிர்ச்சி

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஆர்கேட் செத்துக்கொண்டிருந்த காலத்தில், அது உயிரோடு இருந்த இடங்களில் ஒன்று லாகூர். கன்சோல் வாங்க வசதி இல்லை, இணையம் நிலையாக இல்லை. டோக்கன் வாங்கி ஆடும் சிறு கடைகள் இருந்தன. கிங் ஆஃப் ஃபைட்டர்ஸும் டெக்கனும் அங்கே வெறித்தனமாக ஆடப்பட்டன. தோற்றால் டோக்கன் போகும். அதனால் யாரும் சும்மா ஆடுவதில்லை.

2019 பிப்ரவரியில் ஜப்பானின் ஃபுகுவோகாவில் ஈவோ ஜப்பான் நடந்தது. டெக்கன் உலகம் என்றால் கொரியாவும் ஜப்பானும் என்பதே அன்றுவரை எல்லோருடைய கணக்கு. விசா இழுபறியைத் தாண்டி வந்துசேர்ந்த அர்சலான் சித்திக், ஆட்டப்பெயர் அர்சலான் ஆஷ், பெரிய பெயர்களை வீழ்த்திப் பட்டம் வென்றார். இவர் எங்கிருந்து வந்தார் என்று உலகம் கேட்டது. என் ஊரில் என்னைப்போல் இன்னும் பலர் இருக்கிறார்கள் என்பது அவர் பதில்.

வெறும் தன்னடக்கம் என்று நினைத்தவர்கள் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் லாஸ் வேகாஸ் ஈவோவின் இறுதியில், கொரியாவின் ஜாம்பவான் பே ஜே-மின்னையும் அர்சலான் தோற்கடித்தார். ஈ.எஸ்.பி.என். அவரை 2019-ன் சிறந்த இ-ஸ்போர்ட்ஸ் வீரராக அறிவித்தது. அந்தப் பே ஜே-மின்னே லாகூருக்குப் போய் உள்ளூர்க்காரர்களோடு ஆடிப் பார்த்தார். 2023 பிப்ரவரியில் ஆம்ஸ்டர்டாமில் நடந்த டெக்கன் உலகச் சுற்றின் இறுதிப்போட்டியை வென்றவர் இன்னொரு பாகிஸ்தானியர், ஆதிஃப் பட். அர்சலான் சொன்னது உண்மையாயிற்று. 2024 முடிவதற்குள் அவர் கையில் ஐந்து ஈவோ பட்டங்கள் சேர்ந்திருந்தன.

இந்த வெற்றிக்கு இன்னொரு முகமும் உண்டு. பாகிஸ்தான் வீரர்கள் பலர் எதிராளியிடம் தோற்கும் முன்பே தூதரக வாசலில் தோற்றுவிடுகிறார்கள். விசா தாமதம், மறுப்பு, கடைசி நிமிட அனுமதி, அதற்குள் எகிறிய விமானக் கட்டணம். போட்டி எல்லோருக்கும் திறந்திருக்கிறது என்று சொல்கிறோம். அது லாஸ் வேகாஸில் நடந்தால், லாகூர்க்காரருக்கும் லாகோஸ்காரருக்கும் அது பாதிதான் திறந்திருக்கிறது. இந்தச் சமூகம் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் முதல் விஷயத்திலேயே இப்படி ஓர் ஓட்டை இருக்கிறது. இதை அடைக்க நடத்துபவர்கள் முன்கூட்டியே அழைப்புக் கடிதம் தருவதும், பெரிய போட்டிகளை வெவ்வேறு கண்டங்களுக்குக் கொண்டுபோவதும் அவசியம்.

எல்லோருக்கும் இடமுண்டா?

நாணயம் வைத்தவர் யாராயினும் ஆடலாம் என்பது சட்டம். நடைமுறை எப்போதும் அப்படி இருக்கவில்லை. 2012-ல் காப்காம் தன் புதிய விளையாட்டை விளம்பரப்படுத்த நடத்திய 'கிராஸ் அசால்ட்' என்ற இணைய நிகழ்ச்சியில், போட்டியிட்ட ஒரு பெண்ணை அவருடைய அணியின் பயிற்சியாளரே கேமரா முன் தொடர்ந்து பாலியல் ரீதியில் சீண்டினார். அந்தப் பெண் போட்டியை விட்டே விலகினார். இதெல்லாம் இந்தக் கலாசாரத்தின் ஒரு பகுதி என்று பயிற்சியாளர் வாதிட்டபோது, இந்தச் சமூகம் முதன்முறையாகக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்க வேண்டிவந்தது.

போதுமான அளவு பார்க்கவில்லை. 2020 ஜூலையில் ஈவோவின் இணை நிறுவனர் ஒருவர் மீதே பாலியல் அத்துமீறல் குற்றச்சாட்டுகள் எழுந்தன. காப்காம், பண்டாய் நாம்கோ உள்ளிட்ட நிறுவனங்கள் ஆதரவை விலக்கிக்கொண்டன. அவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார், அந்த ஆண்டின் இணையவழி ஈவோ ரத்தானது. அதே வாரங்களில் சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் ஆட்டக்காரர்கள் மத்தியிலும் ஏராளமானோர் தங்களுக்கு நேர்ந்ததை வெளியே சொன்னார்கள். நண்பர்கள் சேர்ந்து நடத்தும் போட்டி என்ற அந்த நெருக்கத்துக்குப் பின்னால் பலர் ஒளிந்துகொண்டிருந்தார்கள் என்பதே அதன் பொருள். புகார் கேட்க ஆள் இல்லாத இடத்தில் நட்பு பாதுகாப்பு ஆகாது. அதன்பிறகே பல போட்டிகளில் நடத்தை விதிகளும் தடைப் பட்டியலும் நடைமுறைக்கு வந்தன.

இருண்ட பக்கத்தைச் சொல்லிவிட்டு ஒளியைச் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. திருநங்கையான ரிக்கி ஓர்டிஸ் 2016 காப்காம் கோப்பையில் இரண்டாம் இடம் பிடித்தார். கறுப்பினத்தவரும் தன்பாலின ஈர்ப்பாளருமான சோனிக்ஃபாக்ஸ், 2018-ல் 'த கேம் அவார்ட்ஸ்' மேடையில் சிறந்த இ-ஸ்போர்ட்ஸ் வீரர் விருதைப் பெற்றார். அமெரிக்காவின் டெக்சஸைச் சேர்ந்த மைக்கேல் பெகம், பிறவியிலேயே மூட்டுகள் இறுகிய நிலையில் கை கால்களைப் பயன்படுத்த முடியாதவர். கன்ட்ரோலரை முகத்தோடு சேர்த்து வைத்து, வாயால் ஆடினார். சுன்-லி பாத்திரத்தில் இணையத் தரவரிசையின் உச்சிக்குப் போனார். 2024-ல் அவர் மறைந்தபோது உலகெங்கும் ஆட்டக்காரர்கள் அஞ்சலி செலுத்தினார்கள். பார்வையற்ற டச்சு வீரர் ஸ்வென், ஒலியை மட்டுமே கேட்டு ஸ்ட்ரீட் ஃபைட்டர் 5 போட்டிகளில் வெற்றி கண்டார். பின்னர் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-ல், எதிராளி எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதை ஒலியால் உணர்த்தும் வசதியைக் காப்காம் சேர்த்தது. இருப்பவருக்கு இடம் கொடுத்தால் விளையாட்டே மாறும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

யார் வீட்டுச் சொத்து?

கால்பந்துக்கு உரிமையாளர் இல்லை. ஸ்ட்ரீட் ஃபைட்டருக்கு உண்டு. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே இன்றைய சிக்கல்கள் அத்தனையும் கிளைக்கின்றன.

2013-ல் ஈவோவின் கடைசி இடத்துக்கு எந்த விளையாட்டைச் சேர்ப்பது என்று முடிவு செய்ய, மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு எந்த ரசிகர்கள் அதிகம் நிதி திரட்டுகிறார்கள் என்று போட்டி வைத்தார்கள். 2001-ல் வந்த ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே விளையாட்டின் ரசிகர்கள் 94,000 டாலருக்கு மேல் திரட்டி வென்றார்கள். அதன்பிறகு அதை நேரலை செய்யக் கூடாது என்றது அதன் உரிமையாளரான நின்டெண்டோ. எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது. 2020-ல் ஓர் இணையவழி மெலே போட்டியை நிறுத்தியே விட்டது. 2023-ல் சமூகப் போட்டிகளுக்கு அது வகுத்த விதிகள், நேரில் கூடுவோர் எண்ணிக்கைக்கும் பரிசுத் தொகைக்கும் உச்சவரம்பு வைத்தன. இருபது ஆண்டு உழைத்து ஒரு விளையாட்டை உயிரோடு வைத்தவர்களுக்கு அதன்மீது சட்டப்படி எந்த உரிமையும் இல்லை.

ஜப்பானில் வேறு வகைச் சிக்கல். பரிசு, விளம்பரம் தொடர்பான சட்டங்கள் காரணமாகப் பெரிய பரிசு கொடுக்கத் தயக்கம் இருந்தது. 2018-ல் 'தொழில்முறை உரிமம்' என்ற ஏற்பாடு வந்தது. விளையாட யாரிடமும் சான்றிதழ் வாங்கத் தேவையில்லை என்று 2015-ன் ஈவோ சாம்பியன் யூசுகே மொமோச்சி அந்த உரிமத்தை மறுத்தார். 2019-ல் டோக்கியோ கேம் ஷோவில் ஒரு போட்டியை வென்றபோது, பரிசின் பெரும்பகுதி அவர் கைக்கு வரவில்லை. கொள்கைக்காக அவர் கொடுத்த விலை அது. அவரை நான் மனதார வணங்குகிறேன்.

இப்போது பெரும் பணம் வந்திருக்கிறது. 2024-ன் காப்காம் கோப்பையில் தைவானின் ஊமா வாங்கிய முதல் பரிசு 10 லட்சம் டாலர். சவூதி பட்டத்து இளவரசரின் அறக்கட்டளை, சண்டை விளையாட்டுகளைத் தயாரிக்கும் எஸ்.என்.கே. நிறுவனத்தின் ஏறக்குறைய முழுப் பங்கையும் வாங்கியது. அந்நிறுவனத்தின் 2025 சண்டை விளையாட்டில் கிறிஸ்டியானோ ரொனால்டோ ஒரு பாத்திரமாகவே வந்தார். ரியாத்தின் இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் ஸ்ட்ரீட் ஃபைட்டரும் டெக்கனும் இடம்பெறுகின்றன. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்க வேண்டிவந்த டைகோவின் காலத்தோடு ஒப்பிட்டால், ஆட்டக்காரர் மானமாகப் பிழைக்க வழி பிறந்திருக்கிறது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கொடுப்பவரின் மனித உரிமைப் பதிவேட்டைப் பார்த்து, போகலாமா என்று தங்களுக்குள் வாதாடுகிறார்கள் ஆட்டக்காரர்கள். பல நிறங்களும் பல பாலினங்களும் சேர்ந்து கட்டிய ஒரு சமூகத்துக்கு அந்தக் கேள்வி வலிக்கத்தான் செய்யும். ஒரே புரவலரை நம்பி நிற்கும் விளையாட்டு, அவர் கை விலகினால் விழும் என்ற அச்சமும் நியாயமானது.

இந்தியாவின் பொறுப்பு

2021-ல் ஈவோவை வாங்கிய இரு நிறுவனங்களில் சோனி, தன் பங்கை 2025-ல் விற்றது. வாங்கியது குருகிராமைத் தலைமையிடமாகக் கொண்ட நாட்வின் கேமிங். அதே ஆண்டு ஆகஸ்ட் மாதம் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணைய விளையாட்டுச் சட்டம், பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்குத் தடை விதித்து, இ-ஸ்போர்ட்ஸுக்கு அங்கீகாரம் தந்தது. ஆக, உலகின் தலையாய சண்டை விளையாட்டுப் போட்டியில் இந்திய முதலீடும், உள்நாட்டில் சட்டத்தின் ஆதரவும் ஒரே நேரத்தில் வந்திருக்கின்றன.

இதைக் கொண்டாடும் முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் இ-ஸ்போர்ட்ஸ் என்றால் பெரும்பாலும் கைப்பேசித் துப்பாக்கி விளையாட்டுகள்தான். அணிகளை நிறுவனங்கள் அமைக்கின்றன, விளம்பரதாரர்கள் வருகிறார்கள், மேடை பளபளக்கிறது. சண்டை விளையாட்டு அந்த வழியில் எந்த ஊரிலும் வளர்ந்ததில்லை. சன்னிவேலில் 40 பேர், லாகூரில் சில டோக்கன் கடைகள், சியோலில் பழைய நண்பர்கள் என்று சிறிய இடத்தில் வாராவாரம் கூடியவர்களிடமிருந்தே அது வளர்ந்தது. ஹாங்சோவில் நம் வீரர்கள் இருவரும் சீக்கிரம் வெளியேறியதற்குத் திறமைக் குறைவு காரணம் என்று நான் நினைக்கவில்லை. கிம்முக்கு எதிரே உட்கார்ந்து ஆடிக் கொடுக்க முப்பது ஆண்டு அனுபவசாலிகள் இருந்தார்கள். நம்மவர்களுக்கு அப்படி ஒரு கூட்டம் இன்னும் உருவாகவில்லை.

அதை உருவாக்கப் பெரும் செலவு தேவையில்லை. ஒரு கல்லூரி அறை, நான்கு திரைகள், மாதம் இருமுறை கூடும் பழக்கம், பெண்கள் தயங்காமல் வந்துபோகப் பாதுகாப்பு, புகார் சொன்னால் கேட்க ஓர் ஆள். நாட்வின் போன்ற நிறுவனம் ஆடம்பர மேடைக்குச் செலவிடுவதில் சிறு பங்கை இதற்கு ஒதுக்கினாலே மதுரையிலும் கோவையிலும் ஆட்டக்காரர்கள் கிளம்புவார்கள். உலக மேடையில் அது எதிர்கொள்ளும் சோதனை இன்னும் பெரியது. தகுதிச் சுற்று வைத்து, அழைத்தவர்கள் மட்டும் ஆடும் போட்டியாக ஈவோவை மாற்றினால் ஒளிபரப்பு எளிதாகும், விளம்பரம் குவியும். அந்த ஆசை எல்லா உரிமையாளருக்கும் வரும். அதற்கு இடம் கொடுத்தால் அடுத்த அர்சலான் வரமாட்டார். அவரைப் போன்றவர்களை எந்தத் தேர்வுக்குழுவும் முன்கூட்டியே கண்டுபிடித்ததில்லை. திறந்த பதிவேடு மட்டுமே கண்டுபிடித்திருக்கிறது.

எனவே பங்கு வாங்கிய இந்திய நிறுவனத்திடம் நாம் கேட்க வேண்டியது கோப்பையோ, நம் நாட்டுக்கொரு பெரிய அரங்கமோ இல்லை. நுழைவுக் கட்டணம் கட்டிய யாரும், எந்த நாட்டவரும், சாம்பியனுக்கு எதிரே உட்காரலாம் என்ற விதியை எழுத்தில் உறுதி செய்யுங்கள். விசாவுக்குத் துணை நில்லுங்கள். பரிசுப் பணத்தின் மூலத்தையும் பங்கீட்டையும் வெளிப்படையாக வையுங்கள். பாதுகாப்பு விதிகளை நடத்துபவரின் நண்பர்களுக்கும் சேர்த்தே செயல்படுத்துங்கள். முப்பது ஆண்டுகளாக ஆட்டக்காரர்கள் தங்கள் சட்டைப்பைக் காசில் காப்பாற்றி வந்ததைத்தான் நீங்கள் விலைக்கு வாங்கியிருக்கிறீர்கள். லாப நட்டக் கணக்கு பார்ப்பதற்கு முன் அந்தக் கடனை அடைக்க வேண்டியது உங்கள் முதல் வேலை.